வீட்டில் துப்பாக்கிப் பெட்டகம்: டெக்சஸ் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் கிரீன் கார்டோ குடியுரிமையோ வந்தபின் துப்பாக்கி வாங்கும் நம்மவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். வாங்குவது அரை மணி நேர வேலை. அதை வீட்டில் எங்கே, எதில் வைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரே கேள்விகளுக்குத் தொலைபேசியில் மறுபடி மறுபடி பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. துப்பாக்கி தேவையா, இல்லையா என்ற விவாதம் இங்கே இல்லை. ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக எழுதியது இது. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பதும் பொதுவான விவரம்தான். உங்கள் நிலைமைக்கு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. டெக்சஸில் பெட்டகம் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

பெட்டகம் வாங்கு என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால், டெக்சஸ் தண்டனைச் சட்டம் 46.13-ஆம் பிரிவின்படி அது குற்றம். சாதாரணமாக அபராதத்தோடு போகும். பிள்ளை அதைச் சுட்டு உயிர்போனாலோ படுகாயம் ஏற்பட்டாலோ ஓராண்டு வரை சிறை.

வேறு மாநிலத்துக்கு மாறினால் கதை வேறு. மாசசூசெட்ஸில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும். மிச்சிகனில் சிறார் வரக்கூடிய இடமென்றால் பூட்ட வேண்டும் என்ற சட்டம் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. கலிஃபோர்னியாவும் 2026 ஜனவரியிலிருந்து விதியை இறுக்கியிருக்கிறது.

"2008-ல் உச்ச நீதிமன்றமே ஹெல்லர் வழக்கில் பூட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதே" என்று யாராவது வாதாடுவார்கள். வாஷிங்டன் டி.சி.யில் வீட்டிலிருக்கும் துப்பாக்கியை எந்நேரமும் கழற்றியோ பூட்டியோ வைக்க வேண்டும் என்று இருந்த விதியைத்தான் அந்தத் தீர்ப்பு நீக்கியது. விபத்தைத் தடுக்கும் சேமிப்புச் சட்டங்களை இது தொடாது என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

2. கடைக்காரர் ஒரு கேபிள் பூட்டு கொடுத்தாரே, அது போதாதா?

கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைகள் ஏதாவது ஒரு பூட்டைக் கூடவே கொடுக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதனால்தான் கொடுத்தார். 'ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தில் பல காவல் நிலையங்களிலும் இதே மாதிரிப் பூட்டு இலவசமாகக் கிடைக்கும்.

துப்பாக்கியின் உள்வழியாகக் கேபிள் ஓடுவதால் பூட்டியிருக்கும்வரை குண்டு போட முடியாது. சின்னப் பிள்ளைக்கு அது நல்ல தடை. திருடன் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போய் நிதானமாக வெட்டுவான். பெட்டகம் வரும்வரை இதைப் போட்டு வையுங்கள், பெட்டகம் வந்தபின் அதற்குள்ளேயும் போடலாம். பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தால் மட்டும் பிரயோஜனமில்லை.

3. 150 டாலருக்கும் இருக்கிறது, 5,000 டாலருக்கும் இருக்கிறது. எதை வாங்குவது?

யாரிடமிருந்து பூட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளும் விருந்தாளிகளுமா, திருடனா, தீயா? மூன்றுக்கும் மூன்று விதமான பெட்டி. பிள்ளையைத் தடுக்க மெல்லிய தகட்டு அலமாரியும் நல்ல பூட்டும் போதும். கடப்பாரையோடு வரும் திருடனுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தீக்கு வேறு கணக்கு, அதை 8-வது கேள்வியில் சொல்கிறேன்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நம் வீடுகளில் முதல் ஆபத்து வீட்டுக்குள்ளேதான். நவராத்திரி, பிறந்தநாள் என்று இருபது பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடுகள் நம்முடையவை. ஒரே ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் 3,000 டாலர் பெட்டகத்துக்குப் பணம் சேரும்வரை அதைச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைப்பதைவிட, இன்றைக்கே 200 டாலரில் ஒரு பெட்டி வாங்கித் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டுவிடலாம். ரைஃபிள், ஷாட்கன் என்று எண்ணிக்கை ஏறும்போது பெரியதைப் பார்க்கலாம். இன்னொன்று: துப்பாக்கிப் பெட்டகத்துக்கு டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து விற்பனை வரி கிடையாது. பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

4. கேஜ், ஆர்.எஸ்.சி., டி.எல்-15 என்றெல்லாம் ஒட்டியிருக்கிறார்களே, என்ன அர்த்தம்?

கேஜ் என்பது தகட்டின் தடிமன். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 14 கேஜ் சுமார் 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் சுமார் 2.7, 10 கேஜ் சுமார் 3.4. கதவு தடியாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். உள்ளே ஜிப்சம் பலகையை அடைத்து வெளியே மெல்லிய தகட்டைச் சுற்றினாலும் கதவு நான்கு விரல்கடை தெரியும். பக்கவாட்டுத் தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

ஆர்.எஸ்.சி. என்பது, பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூ.எல். நிறுவனம் வீட்டுப் பெட்டகங்களுக்குக் கொடுக்கும் முத்திரை. அதன் முதல் நிலையில், ஒருவர் நெம்புகோல், சுத்தியல், திருப்புளி போன்ற சாதாரணக் கருவிகளோடு 5 நிமிடம் முயன்றும் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். வெறும் ஐந்தா என்று கேட்காதீர்கள். அது கருவி பெட்டியில் படும் நேரம் மட்டும், மூச்சு வாங்க நிற்பதெல்லாம் கணக்கில் இல்லை. டி.எல்-15 என்றால் மின்கருவிகளோடு 15 நிமிடம். நகைக்கடைக்காரர்கள் வாங்கும் ரகம் அது. விலை பல ஆயிரம் டாலர், எடையும் அதற்கேற்ப. வீட்டுக்கு நல்ல ஆர்.எஸ்.சி. பெட்டகத்தைத் தரையோடு போல்ட் போட்டால் போதும்.

5. "24 கன் சேஃப்" என்றால் இருபத்து நாலு துப்பாக்கி வைக்கலாமா?

முடியாது. தொலைநோக்கி இல்லாத ஒல்லியான ரைஃபிள்களை ஒன்றையொன்று இடிக்கும்படி அடுக்கிப் போட்ட கணக்கு அது. ஸ்கோப், பட்டை எல்லாம் வைத்த துப்பாக்கிகள் என்றால் பாதிதான் நிம்மதியாக நிற்கும். தேவைக்கு இரண்டு மடங்கு எண்ணிக்கை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

6. எண் பலகை, சுழற்றும் பூட்டு, கைரேகை, எது நல்லது?

சுழற்றும் பூட்டு மெதுவானது, பேட்டரி வேண்டாம், பல வருஷம் உழைக்கும். எண் பலகை வேகமானது. பேட்டரி போனாலும் பெரும்பாலான மாடல்களில் வெளியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். நல்ல பிராண்டு 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். பெரிய பெட்டகம் என்றால் எண் பலகையும் யூ.எல். முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். மலிவான சின்னப் பெட்டிகள் சிலவற்றை மேலே ஒரு தட்டுத் தட்டினாலே திறந்துவிடும். வாங்கிய அன்றே நீங்களே தட்டிப் பாருங்கள், திறந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கைரேகையில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் நிறுவனம் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்களைத் திரும்பப் பெற்றது. ரேகையைப் பதிவு செய்யாத நிலையில் யார் விரல் வைத்தாலும் அவை திறந்தன. பதிவு செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்தபின் இது வெளியே வந்தது. மறு வருஷம் வேறு சில பிராண்டுகளும் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. உங்களிடம் ஏற்கெனவே கைரேகைப் பெட்டி இருந்தால், நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் மாடலைத் தேடுங்கள். அப்புறம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் விரல் வைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

7. எண் என்ன வைக்கலாம்? மறந்துபோனால்?

முதலில் தொழிற்சாலை எண்ணை மாற்றுங்கள். மிச்சிகனின் ஆக்ஸ்போர்டு பள்ளியில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் சுட்டு நான்கு பேர் இறந்தார்கள். வழக்கு விசாரணையில், அவன் வீட்டுப் பெட்டகத்தின் எண் வாங்கும்போது இருந்த 0-0-0 ஆகவே இருந்தது என்று தெரியவந்தது. துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டும் உறை பிரிக்காமல் கிடந்தது. தாய், தந்தை இருவருக்கும் 2024-ல் 10 முதல் 15 ஆண்டு சிறை. பிள்ளை செய்த பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுக்காகப் பெற்றோரே, கொல்லும் எண்ணமின்றி மரணம் விளைவித்த குற்றத்தில் (involuntary manslaughter) தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

பிறந்த தேதி, கல்யாண நாள், வீட்டு எண், வைஃபை கடவுச்சொல்லில் வரும் எண் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அவைதான். ஊரில் பழைய தொலைபேசி எண்ணோ, தாத்தாவின் அம்பாசிடர் கார் எண்ணோ போன்று இங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியவே தெரியாத ஒன்று நல்லது. உபரிச் சாவியை வீட்டுக்குள் ஒளிக்காதீர்கள். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தாலும் கண்டுபிடிப்பார்கள். வங்கி லாக்கரில் போட்டுவிடுங்கள்.

8. "ஃபயர் ப்ரூஃப் 60 நிமிடம்" என்று இருக்கிறதே, நம்பலாமா?

பாதி நம்பலாம். பெரும்பாலான துப்பாக்கிப் பெட்டகங்களில் தீத்தாங்கும் நேரம் அந்தந்த நிறுவனம் தானே வகுத்த சோதனையில் வந்தது. எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம், உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்று மூன்றும் எழுதியிருந்தால்தான் இரண்டு பெட்டிகளை ஒப்பிட முடியும். காகிதம் கருகாமல் இருக்க உள்ளே 350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பது யூ.எல். வைத்திருக்கும் அளவு. பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதற்கு வெகு முன்னாலேயே போய்விடும்.

உள்ளே அடைத்திருக்கும் ஜிப்சம் சூடேறும்போது நீராவியை விடும். சூட்டைத் தணிப்பதே அந்த நீராவிதான், துருவைக் கொண்டுவருவதும் அதுதான். தீ அணைந்து பெட்டகம் ஆறியதும் சீக்கிரம் திறந்து துடைத்து எண்ணெய் போடாவிட்டால், தீக்குத் தப்பிய துப்பாக்கி துருவுக்குப் போய்விடும். தீக்காகவே அதிகப் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தைத் தகட்டில் போடச் சொல்வேன்.

9. எங்கே வைப்பது? கராஜில் இடம் காலியாக இருக்கிறதே.

கராஜ் வேண்டாம் என்றே சொல்வேன். கதவு திறந்திருக்கும்போது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் உங்களிடம் பெட்டகம் இருப்பது தெரியும், நெம்புவதற்கான கருவிகளும் அங்கேயேதான் தொங்கும். ஹூஸ்டன் ஈரப்பதம் வேறு. கீழ்த்தளத்தில், உள்ளறை க்ளாசெட்டின் ஒரு மூலைதான் நல்ல இடம். கதவு திறக்கும் ஓரத்தைச் சுவரை ஒட்டி வைத்தால் கடப்பாரையை நுழைத்து நெம்ப இடமிருக்காது.

போல்ட் போடாத பெட்டகம் எத்தனை கனமானாலும் நம்பாதீர்கள். முதுகில் சாய்த்துவிட்டால் இரண்டு பேர் வசதியாக உட்கார்ந்து நெம்பலாம், உருளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் துளை போடுமுன் ஒன்று பாருங்கள். டெக்சஸில் பல புதிய வீடுகளின் தரை 'போஸ்ட் டென்ஷன்' கான்கிரீட். உள்ளே முறுக்கேற்றிய இரும்பு வடங்கள் ஓடும். கராஜ் தரையிலேயே அறுக்காதே, துளைக்காதே என்று முத்திரை குத்தியிருப்பார்கள். ஒரு வடம் அறுந்தால் ஆளுக்கும் ஆபத்து, செலவும் பெரிது. ஸ்கேன் செய்து வடம் எங்கே என்று குறித்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை வைத்துச் செய்யுங்கள்.

மாடியில் வைக்க வேண்டுமென்றால் 300 கிலோ பெட்டகத்தைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுமைச்சுவர் இருக்கும் ஓரத்தில் வைக்க வேண்டும். வாடகை அபார்ட்மென்ட் என்றால் சின்ன அலமாரியைச் சுவரின் மரச்சட்டத்தில் போல்ட் போடுங்கள், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு.

10. துரு பிடிக்காமல் இருக்க?

உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பத்து டாலர் ஈரமானி ஒன்றை உள்ளே வையுங்கள். சின்னப் பெட்டிக்கு சிலிக்கா ஜெல் போதும், பெரியதற்கு அடியில் வைக்கும் சூடேற்றும் தண்டு. கடையில் 'கோல்டன்ராட்' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். துப்பாக்கியை ஸ்பாஞ்சு உறையோடு பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள். ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

11. தோட்டாவும் அதே பெட்டகத்தில் இருக்கலாமா? தீப்பிடித்தால் வெடிக்காதா?

தனியாகக் கிடக்கும் தோட்டா சூட்டில் வெடிக்கும், ஆனால் குழல் இல்லாததால் குண்டு துப்பாக்கியிலிருந்து பாய்வதுபோல் பாயாது. தீயில் உண்மையான ஆபத்து குண்டு நிரப்பிய துப்பாக்கிதான். அது தானாகவே சுடும். பெட்டகத்தில் நிரப்பாமல் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தோட்டாவைத் தனியாக வேறு பூட்டில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. இரண்டு எண் தெரிந்தால்தான் ஆபத்து என்ற நிலை ஒன்றைவிட நல்லதுதானே.

12. எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்குத் திருடன் வந்தால் எண் போட்டுக்கொண்டா இருப்பது?

இதற்காகத்தான் படுக்கையருகே வைக்கும் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். நாலைந்து பொத்தான்களை இருட்டில் தடவியே அமுக்கலாம், பழகினால் சில நொடிதான். அதையும் கட்டிலிலோ சுவரிலோ இறுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அந்தத் துப்பாக்கி பெரிய பெட்டகத்துக்குப் போய்விட வேண்டும். "ராத்திரி மட்டும்" என்று மெத்தைக்கு அடியில் வைத்தது மறுநாள் மத்தியானம் வரை அங்கேயே இருந்த கதைகளை நிறையக் கேட்டாயிற்று.

13. நகையையும் அதிலேயே வைத்துவிடலாமே?

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. இவ்வளவு கனமான பெட்டியை வாங்கிவிட்டு அட்டிகையும் வளையலும் வேறு எங்கே போகும் என்று தோன்றுவது நியாயம். ஆனால் நகைக்காகக் கல்யாணம், கோயில், கொலு என்று அடிக்கடி திறப்பீர்கள், எண் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், யாரோ அவசரத்தில் சாத்தாமல் போவார்கள். நகைக்குத் தனி லாக்கர் வையுங்கள், முடிந்தால் வங்கியில்.

வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் திருட்டுப்போன நகைக்கு 1,500 டாலர், துப்பாக்கிகளுக்கு 2,500 டாலர் என்ற அளவில் உச்சவரம்பு இருக்கும். அதற்கு மேல் மதிப்பிருந்தால் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்க வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

14. எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது, மனைவி இன்னும் எச்-1பி. எண்ணை அவரிடம் சொல்லலாமா?

யாரும் யோசிக்காத, ஆனால் மிக முக்கியமான கேள்வி. எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கையில் பிடித்தால்தான் வைத்திருப்பது என்றில்லை. நினைத்தபோது எடுக்கும் வசதியும் விருப்பமும் இருந்தாலே வைத்திருப்பதாக நீதிமன்றம் கொள்ளலாம். பெட்டகத்தின் எண் தெரிந்திருப்பது அந்த வாதத்துக்கு நல்ல ஆதாரம். தண்டனை 15 ஆண்டு வரை போகும், விசாவும் போய்விடும்.

எனவே எண் உங்களிடம் மட்டும். 13-வது கேள்வியில் நகையைப் பிரிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். கூடவே தங்கியிருக்கும் தம்பி, படிக்க வந்த அக்கா மகள், ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா அம்மா எல்லோருக்கும் இதே விதிதான். "நம்ம அப்பாதானே" என்று எண்ணைச் சொல்லி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு நிலைமை சிக்கலானது என்றால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடலாம்.

15. பெட்டகம் செய்த நிறுவனத்திடமே இன்னொரு எண் இருக்குமாமே?

சிலவற்றில் இருக்கும். 2023-ல் லிபர்ட்டி சேஃப் நிறுவனம், நீதிமன்ற ஆணையோடு வந்த எஃப்.பி.ஐ.க்கு ஒரு வாடிக்கையாளர் பெட்டகத்தின் திறப்பு எண்ணைக் கொடுத்தது பெரிய சர்ச்சையானது. அதன்பின், கேட்பவர்களின் எண்ணைத் தன் பதிவிலிருந்து அழித்துவிட வழி செய்தது. எண்ணை மறப்பவர்களுக்கு அந்தப் பதிவு உதவியும்கூட. அழித்தபின் மறந்தால் பூட்டுக்காரர் வந்து துளைத்துத்தான் திறக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டு, உங்களுக்கு எது தோது என்று முடிவு செய்யுங்கள்.

16. பையன் பெரியவன், பொறுப்பானவன். சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக்கூட கூட்டிப் போகிறேன். அவனுக்குத் தெரிந்தால் என்ன?

சுடக் கற்றுக்கொடுப்பது வேறு, தனியாகத் திறக்க விடுவது வேறு. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மதிப்பெண், காதல், கல்லூரி அனுமதி என்று பதின்வயதில் ஒரு ராத்திரி மட்டும் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த ஒரு ராத்திரிக்குத்தான் பூட்டு. பொறுப்பான பிள்ளைக்கும் அப்படி ஒரு ராத்திரி வரலாம். எண் தெரியாமலே இருக்கட்டும், அவ்வப்போது மாற்றுங்கள்.

வீட்டில் யாராவது, நீங்களே ஆனாலும், மனம் உடைந்திருக்கும் காலமென்றால் துப்பாக்கியை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள். சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் வாங்கி வைத்துக்கொள்ளும். 988 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

17. ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம். தோட்டா எதையும் அந்த அறைக்கே கொண்டுவராதீர்கள். குழல் காலி என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்து, திறந்த நிலையிலேயே வையுங்கள். கேபிள் பூட்டு போட்டுப் பொட்டு வைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது. பூஜை முடியும்வரை நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். சுண்டல் விநியோகத்துக்கு முன்னால் அது பெட்டகத்துக்குள் போயிருக்க வேண்டும். குங்குமத்தையும் ஈரத்தையும் துடைத்துவிட்டு வையுங்கள்.

18. ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். காலி வீட்டில் விடலாமா?

போல்ட் போட்ட நல்ல பெட்டகம் என்றால் விடலாம். படுக்கையருகே இருக்கும் சின்னப் பெட்டியைக் காலி செய்து எல்லாவற்றையும் பெரியதில் போடுங்கள். கைப்பையில் தோட்டா ஒன்றுகூடத் தங்கவில்லை என்று இரண்டு தடவை பாருங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையே விமானத்துக்கும் எடுத்துப்போய், இந்திய விமான நிலையத்தில் ஒரு தோட்டாவோடு பிடிபட்டால் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குதான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்கு வீட்டுச் சாவி போதும், பெட்டக எண் வேண்டாம். ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண்ணையும் படம் பிடித்து, பில்லோடு வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். திருட்டுப்போனால் காவல்துறையும் காப்பீட்டுக்காரரும் முதலில் கேட்பது அதைத்தான்.